கல்லும் புல்லும்: எஸ்த்ரெமதூராவின் நடைவழிகள் சொல்லும் வரலாறு

ஸ்பெயினின் மேற்கே, போர்ச்சுகலை ஒட்டிக் கிடக்கிறது எஸ்த்ரெமதூரா. சுற்றுலாப் பேருந்தில் அங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் நான்கு ஊர்களைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். மெரிதாவில் ரோமானிய அரங்கு, காசெரெஸில் கோட்டைக்குள் அடங்கிய மாளிகைகள், த்ருஹீயோவில் குதிரைமேல் பிசாரோவின் வெண்கலச் சிலை, குவாதலூப்பே மடாலயத்தில் கருநிற மாதா. நான்குமே பார்க்க வேண்டியவைதான். மெரிதா, காசெரெஸ், குவாதலூப்பே மடாலயம் மூன்றும் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்கள். ஆனால் காசெரெஸுக்கும் த்ருஹீயோவுக்கும் நடுவே உள்ள ஏறத்தாழ 50 கிலோமீட்டரைப் பேருந்து அரை மணி சொச்சத்தில் கடந்துவிடுகிறது. ஜன்னலுக்கு வெளியே ஓடும் புல்வெளியும் ஓக் மரங்களும் ஊருக்கும் ஊருக்கும் இடையிலான வெற்றிடம் என்றே பயணிக்குத் தோன்றும்.

வரலாற்றில் பாதி அந்த வெற்றிடத்தில்தான் இருக்கிறது. எஸ்த்ரெமதூராவின் பிரபுக்கள் வாழ்ந்தது நகரத்தில். அவர்களை வாழவைத்தது மேய்ச்சல் நிலக் குத்தகை. கடல் கடந்துபோய் அமெரிக்காவில் சேர்த்த செல்வத்தின் ஒரு பகுதியும் திரும்பி வந்து நிலமாகவும் வாடகையாகவும் மாறியது. நகரத்தின் கல்லையும் வெளியின் புல்லையும் ஒரே கணக்கில் வைத்துப் பார்க்காமல் இரண்டில் எதுவும் விளங்காது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க இன்றும் சிறந்த வழி நடை. வழி தெரிந்த ஒருவரோடு ஊரிலிருந்து ஊருக்கு நடந்து போகிறவருக்கு, நிலம் எப்படி மாளிகையானது என்பது காலுக்கடியிலேயே தெரிய வரும். அந்த நடையில் கிடைக்கும் சான்றுகளைத் தொகுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆயிரம் தப்படி

மெரிதாவைக் கி.மு. 25-இல் நிறுவியவர் பேரரசர் அகஸ்டஸ். வட ஸ்பெயினில் கந்தாப்ரியப் போரை முடித்து ஓய்வு பெற்ற படைவீரர்களுக்குக் குடியிருப்பாக அமைந்த ஊர் அது. பின்னர் லூசித்தானியா மாகாணத்தின் தலைநகராக உயர்ந்தது. குவாதியானா ஆற்றின் குறுக்கே அன்று கட்டிய பாலம், பல முறை பழுதுபார்க்கப்பட்டு இன்றும் நிற்கிறது. நீளம் ஏறத்தாழ 790 மீட்டர், 60 வளைவுகள். இப்போது அதில் வண்டிகளுக்கு இடமில்லை. நடப்பவர்களுக்கு மட்டும்.

பாலத்தின் நகரக் கரையில் ஒரு முஸ்லிம் கோட்டை. அடிக்கடி கலகம் செய்த ஊரை அடக்கிவைக்க, கோர்தோபாவின் அமீர் இரண்டாம் அப்துர் ரஹ்மான் 835-இல் எழுப்பியது. சுவரை நெருங்கிப் பார்த்தால் ரோமானியர் செதுக்கிய கருங்கற்களே மறுபடி அடுக்கப்பட்டிருப்பது தெரியும். உள்ளே, ஆற்றுநீர் ஊறி வந்து தேங்கும் நிலத்தடித் தொட்டிக்கு இறங்கும் படிக்கட்டின் ஓரங்களில் விசிகோத் காலத்துச் செதுக்குத் தூண்கள் நிற்கின்றன. மூன்று ஆட்சிகளின் கல் ஒரே படிக்கட்டில்.

மெரிதாவிலிருந்து வடக்கே அஸ்தோர்கா வரை ரோமானியர் போட்ட சாலை இன்று ‘வியா தெ லா பிளாத்தா’ என்று அழைக்கப்படுகிறது. நீளம் ஏறத்தாழ 470 கிலோமீட்டர். அஸ்தோர்காவுக்கு அப்பால்தான் லாஸ் மெதுலாஸ் தங்கச் சுரங்கங்கள் இருந்தன. படையும் அதிகாரிகளும் வணிகரும் போய்வந்த இச்சாலையின் ஓரத்தில் மைல்கற்கள் நடப்பட்டன. மனித உயரமுள்ள கருங்கல் உருளைகள். ரோமானிய மைல் என்பது ஆயிரம் இரட்டைத் தப்படி, ஏறத்தாழ 1,480 மீட்டர். நடையை வைத்தே தொலைவை அளந்த சாலை அது. காசெரெஸுக்குத் தெற்கிலும் வடக்கிலும் சில மைல்கற்கள் இன்னும் பாதையோரத்திலேயே இருக்கின்றன. எழுத்து தேய்ந்து போனாலும், அடுத்த கல்லுக்கு எத்தனை நிமிட நடை என்பது நடப்பவருக்கு வழியிலேயே பழகிவிடும்.

இந்தச் சாலையில் மிக அழகான இடம் காப்பரா. பிளசென்சியாவுக்கு வடக்கே, ஊர் அழிந்து வயலாகிவிட்ட இடத்தில், நான்கு பக்கமும் திறந்த ஒரு வளைவு மண்டபம் தனியே நிற்கிறது. மார்க்குஸ் ஃபிதியுஸ் மாசேர் என்பவர் தன் குடும்பத்தார் நினைவாகக் கட்டியது என்று கல்வெட்டு சொல்கிறது. நகரின் இரண்டு பிரதான வீதிகள் அதன் அடியில் குறுக்கிட்டன. அவற்றில் ஒன்றுதான் வடக்கே போகும் நெடுஞ்சாலை. இன்றும் நடைவழி அந்த வளைவின் ஊடாகவே போகிறது. எஸ்த்ரெமதூரா முழுக்க இந்தப் பாதைக்கு வழிகாட்டும் கருங்கல் கட்டைகளில் பொறித்திருக்கும் கோட்டுருவம் இந்த வளைவினுடையதே.

ரோமப் பேரரசு போன பிறகு சாலை ஏன் அழியவில்லை? பழுதுபார்க்க ஆள் இல்லாவிட்டாலும் நடக்க ஆள் இருந்தார்கள் என்பதே விடை. செவீயாவிலிருந்து சந்தியாகோவுக்குப் போன கிறிஸ்தவ யாத்ரீகர்கள் இதில் நடந்தார்கள். அவர்களைவிடப் பன்மடங்கு அதிகமாக நடந்தவை செம்மறி ஆடுகள்.

செம்மறிக்காக ஒரு சட்டம்

ஸ்பெயினின் நடுப்பகுதியில் இயற்கையே ஒரு நாட்காட்டியை வகுத்திருக்கிறது. லெயோன், சோரியா, செகோவியா மலைகளில் கோடையில் பசும்புல் கிடைக்கும். குளிர்காலத்தில் பனி மூடிவிடும். எஸ்த்ரெமதூராவில் நேரெதிர். கோடையில் வெயில் 40 பாகையைத் தாண்டிப் புல் கருகும். இலையுதிர்கால மழைக்குப் பின் வசந்தம் வரை தரை பச்சையாக இருக்கும். ஆகவே மந்தைகள் அக்டோபரில் தெற்கே இறங்கின, கோடை பிறக்குமுன் வடக்கே ஏறின. போக ஒரு மாதம், வர ஒரு மாதம். இதற்கு நம் மொழியில் வலசை என்ற சொல் பொருத்தமாக இருக்கிறது.

இந்த வலசையை அரசன் பத்தாம் அல்ஃபோன்சோ 1273-இல் சட்டபூர்வ அமைப்பாக்கினான். ‘மெஸ்தா’ என்பது மந்தைக்காரர்களின் கூட்டவை. பாதைகளில் தடையின்றி ஆடு ஓட்டும் உரிமையும், வழக்குகளை விசாரிக்கத் தனி நீதிபதிகளும் அதற்கு இருந்தன. பெரிய வலசைப் பாதைகளான ‘கன்யாதா ரெயால்’களின் அகலம் 90 காஸ்தீய வாரா என்று நிர்ணயிக்கப்பட்டது. இன்றைய அளவில் ஏறத்தாழ 75 மீட்டர். அடுத்த நிலைப் பாதைக்கு அதில் பாதி. ஆடுகள் மேய்ந்துகொண்டே நகர வேண்டும் என்பதால் சாலையே மேய்ச்சல் நிலமாகவும் இருக்க வேண்டியிருந்தது. அந்த அகலத்துக்குக் காரணம் அதுதான்.

16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்டுதோறும் 25 லட்சத்துக்கும் அதிகமான மெரினோ ஆடுகள் இப்படிப் போய்வந்தன. அவற்றின் கம்பளி பிளாண்டர்ஸ் நெசவாளர்களுக்கும் இத்தாலிக்கும் கப்பலேறியது. அரசுக் கருவூலத்துக்கு அது நம்பகமான வரவு. அதனாலேயே அரசர்கள் மெஸ்தாவின் பக்கம் நின்றார்கள். உழவர்கள் பாதிக்கப்பட்டார்கள். குளிர்காலப் புல்லுக்காக வடக்கு மந்தைக்காரர்கள் பெற்றிருந்த நிலையான குத்தகை உரிமையால் உள்ளூர் உழவருக்கு நிலம் கிடைக்கவில்லை என்று 1760-களில் எஸ்த்ரெமதூரா மாகாணமே மன்னரிடம் முறையிட்டது. ஜூலியஸ் கிளைன் 1920-இல் எழுதிய மெஸ்தா பற்றிய நூல், ஸ்பெயின் வேளாண்மையின் பின்னடைவுக்கு இந்த அமைப்பை முக்கியக் காரணமாகக் காட்டியது. பிற்கால ஆய்வாளர்கள் அந்தத் தீர்ப்பைத் தளர்த்தியிருக்கிறார்கள். மண் மெலிந்த, மழை குறைந்த நிலத்தில் உழவைவிட மேய்ச்சல் பொருத்தமானதாக இருந்த இடங்கள் பல என்பது அவர்கள் வாதம். மெல்லிய மண்ணை விலக்கிக்கொண்டு கருங்கல் பாறை எட்டிப் பார்க்கும் நிலத்தில் ஒரு நாள் நடந்தவருக்கு அந்த வாதத்தின் எடை தெரியும்.

மெஸ்தா 1836-இல் கலைக்கப்பட்டது. பாதைகள் மட்டும் கலையவில்லை. ரோமானியச் சாலையை ஒட்டி நெடுந்தொலைவு ஓடும் ‘கன்யாதா ரெயால் தெ லா பிளாத்தா’ அவற்றில் ஒன்று. நாடு முழுவதும் வலசைப் பாதைகளின் மொத்த நீளம் ஏறத்தாழ 1,25,000 கிலோமீட்டர். ஸ்பெயினின் நிலப்பரப்பில் ஏறத்தாழ ஒரு சதவீதம். 1995-ஆம் ஆண்டின் 3-ஆம் சட்டம் இவற்றைப் பொதுச் சொத்தாக உறுதிசெய்தது. விற்க முடியாது, ஜப்தி செய்ய முடியாது, எத்தனை ஆண்டு ஆக்கிரமித்தாலும் அனுபோக பாத்தியதை கோர முடியாது. ஆடு போவதற்கே முதலுரிமை. அதற்குக் குந்தகம் இல்லாத வகையில் நடப்பதையும் குதிரையேற்றத்தையும் சட்டம் அனுமதிக்கிறது. இன்று அங்கே நடக்கும் பயணியின் உரிமை ஆட்டின் உரிமையிலிருந்து பிறந்தது. தலைநகர் மாத்ரித்தின் பெருவீதிகளில் 1994 முதல் இலையுதிர்காலத்தில் ஆட்டு மந்தை ஓட்டிச் செல்லும் விழா நடப்பதும் இந்த உரிமையை நினைவூட்டத்தான். 1418-ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி ஆயிரம் ஆட்டுக்கு 50 மரவேதி என்று பழைய நாணயத்தில் மாநகராட்சியிடம் அன்று சுங்கம் செலுத்தப்படுகிறது.

மரமும் மேய்ச்சலும்

இந்தப் பாதைகள் ஊடறுத்துப் போகும் நிலத்துக்கு ‘தெயேசா’ என்று பெயர். எஸ்த்ரெமதூராவில் மட்டும் பத்து லட்சம் ஹெக்டேருக்கும் மேல் பரவியிருக்கிறது. பார்வைக்கு இயற்கைக் காடு. உண்மையில் நூற்றாண்டுகளாக மனிதக் கை திருத்தி அமைத்த மேய்ச்சல் தோப்பு. அடர்ந்த ஓக் காட்டைக் கழித்து, ஹெக்டேருக்குச் சில பத்து மரங்களை மட்டும் விட்டு, கிளை பரந்து காய்ப்பு பெருகும்படி கழித்துக் கவாத்து செய்து, அடியில் புல் வளர விட்டிருக்கிறார்கள். ‘என்சினா’ எனப்படும் பசுமைமாறா ஓக், தக்கை ஓக் இரண்டும் முதன்மை மரங்கள்.

தக்கை ஓக்கின் பக்கத்தில் நின்று பார்த்தால் ஒரு முழுப் பொருளாதாரம் புலப்படும். இடுப்பளவுக்கும் மேலே வரை பட்டை உரிக்கப்பட்டிருக்கும். உரித்த புதிதில் தண்டு மஞ்சள் கலந்த ரோஜா நிறம். பின்னர் செம்மண் நிறம். ஆண்டுகள் போகப் போகக் கருஞ்சிவப்பு. அதன்மேல் வெள்ளைச் சாயத்தில் ஒற்றை எண் எழுதியிருப்பார்கள். ‘4’ என்றால் 4-இல் முடியும் ஆண்டில் உரித்தது. அடுத்த உரிப்புக்கு ஒன்பது ஆண்டாவது காத்திருக்க வேண்டும். உரிப்பது கோடையில், கோடாலியால், கையால்தான். வெட்டு உள்பட்டையில் ஆழமாகப் பட்டுவிட்டால் மரம் நோயில் விழும். தோலுக்கும் சதைக்கும் நடுவே கத்தி ஓடுகிற கைப்பக்குவம் வேண்டும். நட்ட மரம் முதல் உரிப்புக்கு வரவே கால் நூற்றாண்டு ஆகும் என்பதால், தக்கை ஓக் நடுகிறவர் பெரும்பாலும் தன் பிள்ளைகளுக்காகவே நடுகிறார்.

அக்டோபர் முதல் பிப்ரவரி வரை ஓக் கொட்டைகள் உதிரும் காலம். அப்போது இபேரியக் கரும்பன்றிகளை மரங்களுக்கடியில் திறந்துவிடுகிறார்கள். உலகெங்கும் விலை போகும் பன்றித்தொடை இறைச்சியின் உயர்ந்த தரத்துக்கு ஸ்பெயின் அரசின் 2014-ஆம் ஆண்டு விதிகள் கறாரான வரம்பு வைத்திருக்கின்றன. கொட்டையையும் புல்லையும் மட்டும் தின்று குறைந்தது 46 கிலோ எடை கூட வேண்டும். ஒரு ஹெக்டேரில் அதிகபட்சம் 1.25 பன்றிதான் மேயலாம். மரங்கள் குறைந்தால் பன்றியும் குறைய வேண்டும் என்பதே இதன் பொருள். சட்டம் இங்கே மரத்துக்குக் காவல். ஆயினும் வேர் அழுகல் நோய் தென்மேற்கில் ஓக்குகளைக் கொத்துக் கொத்தாகச் சாய்த்துவருகிறது. பசுந்தோப்பின் நடுவே வெளிறிய எலும்புபோல் நிற்கும் பட்ட மரங்களை இன்றைய நடைவழியில் தவிர்க்க முடியாது.

ஏப்ரலில் நடப்பவருக்கு ‘ஹாரா’ என்ற புதரும் பழக்கமாகும். காகிதம் கசங்கியது போன்ற ஐந்து வெள்ளை இதழ்கள், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு கருஞ்சிவப்புப் பொட்டு. இலையைத் தொட்டால் விரலில் பிசின் ஒட்டும். வெயில் ஏறினால் அந்தப் பிசினின் வாசம் காற்றில் கலந்துவிடும். குளிர்காலத்தில் வடக்கு ஐரோப்பாவிலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெருங்கொக்குகள் இங்கே வந்து பன்றிகளோடு போட்டியிட்டு ஓக் கொட்டை தின்கின்றன. ஊர்க் கோபுரங்களில் கூடு கட்டும் செங்கால் நாரைகளுக்கும் இரை வெளியிலிருந்துதான் வருகிறது. கல்லில் வீடு, புல்லில் சோறு.

வெட்டப்பட்ட கோபுரங்கள், வாங்கப்பட்ட மாளிகைகள்

வெளியிலிருந்து காசெரெஸுக்குள் நடந்து வருகிறவர் அதை வேறு கண்ணோடு பார்ப்பார். 12-ஆம் நூற்றாண்டில் அல்மொஹாத்கள் எழுப்பிய மண்சுவர்க் கோபுரங்களையும், 1229-இல் லெயோன் மன்னன் ஒன்பதாம் அல்ஃபோன்சோ ஊரைப் பிடித்தபின் வந்து குடியேறிய பிரபுக் குடும்பங்களின் கருங்கல் வீடுகளையும் மதில் ஒன்றாகச் சுற்றி வளைக்கிறது. குடும்பத்துக்கு ஒரு கோபுரம், தெருவுக்கு ஒரு பகை. பட்டத்துரிமைப் போரில் பல குடும்பங்கள் எதிர்ப்பக்கம் நின்றதால், ராணி இசபெல் 15-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கோபுரங்களின் தலைகளை வெட்டச் சொன்னார். தன் பக்கம் நின்ற தியேகோ தெ காசெரெஸ் ஒவாந்தோவின் கோபுரத்துக்கு மட்டும் விலக்கு. ‘நாரைக் கோபுரம்’ என்று அழைக்கப்படும் அது இன்றும் முழு உயரத்தோடு நிற்கிறது. அந்தத் தியேகோவின் மகன் நிகொலாஸ் தெ ஒவாந்தோதான் 1502 முதல் 1509 வரை இஸ்பான்யோலா தீவின் ஆளுநராக இருந்து அங்கே கொடிய அடக்குமுறையை நடத்தியவர்.

மதிலின் வட பகுதியில் தொலேதோ-மொக்தெசுமா மாளிகை. அஸ்டெக் பேரரசர் மொக்தெசுமாவின் மகளை, ஸ்பானியர்கள் இசபெல் என்று பெயர் மாற்றிய இளவரசியை, மணந்தவர் காசெரெஸ்காரரான ஹுவான் கானோ. அவர்களுடைய மகன் இந்த ஊருக்கு வந்து குடியேறினார். இன்று அந்த வீட்டில் மாகாண வரலாற்று ஆவணக் காப்பகம் இயங்குகிறது.

த்ருஹீயோவில் இந்தக் கதை இன்னும் வெளிப்படை. சந்தைச் சதுக்கத்தின் மூலையில் நிற்கும் ‘வெற்றி மாளிகை’யைக் கட்டியவர்கள் எர்னாந்தோ பிசாரோவும் அவர் மனைவி பிரான்சிஸ்காவும். பிரான்சிஸ்கா 1534-இல் பெருவில் பிறந்தவர். தந்தை, இன்கா பேரரசை வீழ்த்திய பிரான்சிஸ்கோ பிசாரோ; தாய், இன்கா பேரரசர் வைனா காப்பாக்கின் மகள். தந்தை 1541-இல் கொல்லப்பட்டார். பத்து ஆண்டுக்குப் பின் ஸ்பெயினுக்கு அனுப்பப்பட்ட அந்தப் பெண், 1552-இல் தன் சிற்றப்பனையே மணந்தார். மணமகன் அப்போது மெதினா தெல் காம்போவின் லா மோத்தா கோட்டையில் சிறைக்கைதி. 1561-இல் விடுதலையாகி வந்தபின் இருவரும் சேர்த்த சொத்தும் எழுப்பிய மாளிகையும்தான் சதுக்கத்தில் நாம் பார்ப்பது. மூலை உப்பரிகையின் இருபுறமும் கணவன் மனைவியரின் மார்பளவுச் சிலைகள் இரண்டு இணை: ஒருபுறம் பிரான்சிஸ்கோவும் இன்கா இளவரசியும், மறுபுறம் எர்னாந்தோவும் பிரான்சிஸ்காவும். அவர்களுக்கு மேலே உள்ள குலச்சின்னத்தில் சங்கிலியில் பிணைக்கப்பட்ட பூர்வகுடித் தலைவர்கள். வென்றவரின் வீட்டு முகப்பில், வெல்லப்பட்டவரின் முகமும் அவர் மகளின் முகமும் ஒரே கல்லில் இருக்கின்றன. அந்த முகங்களுக்கு முன்னால் சிறிது நேரமாவது நிற்காமல் அந்தச் சதுக்கத்தைக் கடக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இடா ஆல்ட்மன் 1989-இல் வெளியிட்ட ஆய்வு, காசெரெஸையும் த்ருஹீயோவையும் மட்டும் எடுத்துக்கொண்டு, கடல் கடந்தவர்கள் யார், ஊரோடு எப்படித் தொடர்பு வைத்திருந்தார்கள் என்று குடும்பம் குடும்பமாகத் தேடியது. போனவர்கள் தனியாகப் போகவில்லை; உறவினரையும் ஊராரையும் அழைத்துக்கொண்டு போனார்கள், கடிதமும் பணமும் ஊருக்கு அனுப்பினார்கள், சிலர் திரும்பி வந்து நிலமும் வாடகைப் பத்திரமும் வாங்கினார்கள். பெருவின் வெள்ளி இந்த வழியில்தான் எஸ்த்ரெமதூராவின் புல்லில் வேர்விட்டது.

மலையும் மிளகாயும்

த்ருஹீயோவிலிருந்து கிழக்கே, வீயுவெர்காஸ் மலைமடிப்புகளுக்குள் குவாதலூப்பே. மாதாவின் சிலையைக் கண்டெடுத்தவர் தொலைந்த பசுவைத் தேடிப் போன ஒரு மாட்டிடையர் என்பது ஊர் மரபு. 1389-இல் ஜெரோம் சபைத் துறவிகளிடம் வந்த மடாலயம், மருத்துவமனையும் கைவினைப் பட்டறைகளும் பெரும் ஆட்டுமந்தைகளும் உடையதாக வளர்ந்தது. முதல் கடற்பயணத்திலிருந்து திரும்பிய கொலம்பஸ் 1493-இல் இங்கே வந்து வேண்டுதல் நிறைவேற்றினார். அதே ஆண்டு கரீபியனில் ஒரு தீவுக்கு இந்த ஊரின் பெயரை வைத்தார். 1496 ஜூலை 29 அன்று, அவர் அழைத்துவந்த பூர்வகுடிப் பணியாளர் இருவர் இங்கே திருமுழுக்குப் பெற்றதாக மடாலயப் பதிவேடு சொல்கிறது. சதுக்கத்து நீரூற்றோடு அந்த நிகழ்வை ஊர் இணைத்து நினைவுகூர்கிறது. ஊருக்குப் புதிதாய் வந்து சேர்ந்த அந்த இருவருடைய சொந்தப் பெயர்கள் வழக்கில் நிலைக்கவில்லை. கிறிஸ்தோபல், பெத்ரோ என்ற கிறிஸ்தவப் பெயர்களே நிலைத்தன.

வடக்கே லா வேரா பள்ளத்தாக்கில் யூஸ்தே மடாலயம். பாதி ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் ஆண்ட ஐந்தாம் சார்லஸ், முடி துறந்து, கீல்வாதத்தால் நடக்க முடியாத நிலையில், 1556 நவம்பரில் தோர்னவாக்காஸிலிருந்து மலைமேல் பல்லக்கில் தூக்கி வரப்பட்டார். யூஸ்தேயில் 1557 பிப்ரவரியில் குடியேறி, 1558 செப்டம்பர் 21-இல் இறந்தார். அவரைச் சுமந்து வந்த மலைவழி இன்று அடையாளமிட்ட நடைபாதை. ஹராந்தீயா வரை 28 கிலோமீட்டர் அளவு. காலையில் தோர்னவாக்காஸில் செர்ரித் தோட்டங்களுக்கிடையே புறப்பட்டு, ஓக் காட்டில் ஏறி, நீரோடைகளைத் தாண்டி, மாலையில் லா வேராவில் இறங்கலாம். ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போது மன்னரைவிட, மன்னரைச் சுமந்தவர்களின் தோள்தான் நினைவுக்கு வரும். பெயர் பதிவான வரலாற்றுக்கும் பதிவாகாத உழைப்புக்கும் உள்ள தூரத்தை அந்த ஏற்றம் உடம்பாலேயே உணர்த்துகிறது.

இறங்கும் பள்ளத்தாக்கில் அக்டோபரில் புகை வாசம். அமெரிக்காவிலிருந்து வந்த மிளகாய் துறவி மடங்களின் தோட்டங்கள் வழியாக இங்கே பரவியது. இலையுதிர்காலத்தில் மழை பெய்யும் இடம் என்பதால் வெயிலில் காயவைக்க முடியாது. எனவே இரண்டடுக்கு உலர்த்துக் கொட்டகைகளில், கீழே ஓக் விறகு கனன்று எரிய, மேல்தளச் சட்டங்களில் பழங்களைப் பரப்பி, ஏறத்தாழ இரண்டு வாரம், தினமும் கையால் புரட்டிவிட்டு உலர்த்துகிறார்கள். பின்னர் அரைத்துக் கிடைப்பதே ‘பிமெந்தோன் தெ லா வேரா’. மேய்ப்பர்களின் காலை உணவான ‘மீகாஸ்’ – காய்ந்த ரொட்டியை நீர் தெளித்து உதிர்த்து, பூண்டோடு கொழுப்பில் வதக்கியது – இந்தப் பொடியால்தான் சிவக்கிறது. அதே அமெரிக்க மிளகாய் போர்ச்சுகீசியர் வழியாக இந்தியா வந்து நம் அடுக்களையில் மிளகின் இடத்தைப் பெரும்பாலும் எடுத்துக்கொண்டது. லா வேராவின் புகைக் கொட்டகையும் நம் மொட்டை மாடியில் காயும் வற்றலும் ஒரே கடற்பயண வரலாற்றின் இரண்டு கிளைகள்.

ஊரை விட்டுப் போனவர்கள்

மாளிகையும் மடாலயமும் மட்டும் பார்த்தால் இந்த நிலத்தின் மிக நீண்ட துயரம் கண்ணில் படாது. பெருநிலங்கள் சிலர் கையில் இருந்தன; கூலிக்கும் குத்தகைக்கும் ஏங்கியவர்கள் பலர். 1936 மார்ச் 25 அன்று பதஹோஸ் மாகாணத்தில் ஏறத்தாழ 60,000 உழவர்கள் ஒரே விடியலில் பண்ணை நிலங்களில் ஏர் பூட்டி இறங்கினார்கள். ஐந்து மாதத்துக்குள் உள்நாட்டுப் போர் வந்தது. ஆகஸ்டில் ஃபிராங்கோவின் படைகள் பதஹோஸைப் பிடித்தபோது நடந்த படுகொலை உலகச் செய்தியானது. நிலம் பழையபடி பழைய கைகளுக்கே போனது. 1960-களின் பண்ணை வாழ்வில் மனிதன் மனிதனுக்கு அடங்கிக் கிடந்ததை மிகேல் தெலீபெஸ் 1981-இல் எழுதிய ‘லோஸ் சாந்தோஸ் இனோசெந்தெஸ்’ நாவல் பதிவுசெய்தது. அது 1984-இல் மரியோ காமுஸ் இயக்கத்தில் படமாகவும் வந்தது. பஞ்சமும் கூலியின்மையும் துரத்த, லட்சக்கணக்கானோர் மாத்ரித், பார்சிலோனா, பில்பாவோ என்றும் ஜெர்மனி என்றும் போனார்கள். சதுரக் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 25 பேர் என்பது இன்றைய மக்களடர்த்தி. நடைபயணியை மயக்கும் அந்த அமைதிக்கு இப்படி ஒரு விலை இருக்கிறது.

கிரனதீயா இதற்குக் கண்கூடான சாட்சி. முழு மதிலும் ஒரு சிறு கோட்டையும் உடைய அந்தப் பழைய ஊர், காப்ரியேல் இ கலான் அணைக்கட்டுக்காக 1955-இல் கையகப்படுத்தப்பட்டது. 1960-களின் நடுவில் கடைசிக் குடும்பங்கள் வெளியேறின. வயல்கள் நீருக்குள் போயின. மேட்டில் இருந்த ஊர் மட்டும் மூழ்கவில்லை. வெளியேற்றப்பட்டவர்களும் அவர்கள் பிள்ளைகளும் ஆகஸ்ட் 15 அன்றும் நவம்பர் 1 அன்றும் அங்கே கூடுகிறார்கள். தாஹோ நதியின் அல்காந்தரா நீர்த்தேக்கம் ரோமானியச் சாலையையும் விட்டுவைக்கவில்லை. அல்கொனேத்தார் பாலத்தின் எஞ்சிய வளைவுகளைக் கல் கல்லாகப் பெயர்த்து வேறு கரையில் நட்டார்கள். அந்தப் பகுதியில் நடப்பவர் பழைய வழி நீருக்கடியில் இருப்பதை அறிந்தபடி கரையோரம் நடக்க வேண்டும்.

வழிகாட்டியின் பொறுப்பு

வழிகாட்டியோடு போகும் நடைபயணம் இன்று அங்கே ஒரு சீரான தொழில். நாளுக்கு 12 முதல் 20 கிலோமீட்டர். மூட்டைகள் வண்டியில் முன்னால் போய்விடும். இரவு சிற்றூர் விடுதியில். மார்ச் முதல் மே வரையும், செப்டம்பர் பிற்பகுதி முதல் நவம்பர் வரையும் ஏற்ற பருவம். வெள்ளை-சிவப்புக் கோடு நெடும்பாதைக்கு, வெள்ளை-மஞ்சள் கோடு குறும்பாதைக்கு, மஞ்சள் அம்பு யாத்ரீகர் வழிக்கு. அந்த அம்பைப் பரப்பியவர் ஒ செப்ரெய்ரோ ஊரின் பங்குத்தந்தை எலியாஸ் வலின்யா. 1980-களில் தாமே சாயத்தோடு வழிநெடுக வரைந்தார். பண்ணைகளின் கம்பிவேலிக் கதவுகளைத் திறந்து போகிறவர் மறக்காமல் மூடிவிட்டுப் போக வேண்டும். ஒரு கதவைத் திறந்து விட்டால் இரு மந்தைகள் கலந்துவிடும். மேய்ப்பருக்கு ஒரு நாள் வேலை வீண்.

ஸ்பெயினில் நகர நினைவுச்சின்னங்களை விளக்குவதற்குத் தகுதிச் சான்று ஒன்று. வெளியிலும் மலையிலும் குழுவை அழைத்துப் போவதற்கு வேறொன்று. பாதுகாப்புக்கு இது அவசியம். ஆனால் இந்தப் பிரிவு அறிவிலும் பிரிவாகிவிடுவது உண்டு. ஊர் வழிகாட்டி மாளிகையின் பாணியையும் கட்டிய ஆண்டையும் சொல்வார். மலை வழிகாட்டி பறவையையும் செடியையும் சொல்வார். அந்த மாளிகைக்கு எந்தப் புல்வெளியின் குத்தகை வந்தது, அந்தப் புல்வெளியில் யார் கூலிக்கு உழைத்தார், அவர் பேரன் இப்போது எந்த ஊரில் இருக்கிறான் என்ற கேள்விகள் இருவருக்கும் நடுவில் விழுந்துபோகின்றன. நல்ல வழிகாட்டி அந்த நடுவிடத்தில் நிற்பவர். மாளிகை முகப்பிலுள்ள சங்கிலித் தலைவர்களையும், பாதையோரச் சுவரைக் கட்டிய கூலிக்காரரையும் ஒரே நாளின் பேச்சில் இணைக்கத் தெரிந்தவர்.

நடக்கிறவருக்கும் கடமை உண்டு. வலசைப் பாதைகள் சட்டப்படி பொதுவானவை என்றாலும், உழுதும் வேலியிட்டும் பல இடங்களில் சுருக்கப்பட்டிருக்கின்றன. எல்லையை அளந்து கல் நடும் பணி மாநில அரசுகளின் பொறுப்பு. அது மெதுவாகவே நகர்கிறது. ஆள் நடமாட்டம் இருக்கும் பாதையை அவ்வளவு எளிதாக வளைத்துப் போட முடியாது. ரோமச் சாலையைச் செம்மறி காப்பாற்றியது. செம்மறியின் பாதையை இனி நடப்பவர்களும், மீண்டும் வலசை தொடங்கியிருக்கும் சில மந்தைக்காரர்களும் சேர்ந்துதான் காப்பாற்ற வேண்டும். கால்நடை வலசையை யுனெஸ்கோ மனிதகுலத்தின் வாழும் மரபாக ஏற்று, 2023-இல் ஸ்பெயினையும் அந்தப் பட்டியலில் சேர்த்திருப்பது இதற்குத் துணை.

எனவே எஸ்த்ரெமதூராவுக்குப் போக எண்ணும் வாசகர், நான்கு ஊர்களில் ஒன்றைக் குறைத்துக்கொண்டாலும் சரி, ஒரு முழு நாளை ஒரு கன்யாதாவில் நடப்பதற்கு ஒதுக்க வேண்டும். வழிகாட்டியிடம் மூன்று கேள்விகளாவது கேட்க வேண்டும்: இந்த நிலம் யாருடையது, இதில் உழைத்தவர்கள் யார், இந்தப் பாதை இன்னும் சட்டப்படி எத்தனை அகலம். விடை தெரிந்த வழிகாட்டியோடு சந்தைச் சதுக்கத்துக்கு வந்து சேரும்போது, மாளிகைகள் அழகு குறையாமலே, தங்கள் கணக்கையும் காட்டத் தொடங்கிவிடும்.